இரண்டாம் சுற்று

திரை இருண்டுவிடுகிறது.
அதற்கப்புறம் ஒன்பது விநாடி.
பூட்டுக்குள் சாவி திரும்புகிறது,
ஒரு சுற்று, சின்ன இடைவெளி,
இன்னொரு சுற்று.
பிறகு பெயர்கள் மேலேறுகின்றன.
ஏழாவதாக நான். ஒலி: ஒதார்.

குத்தாயிசியின் பழைய திரையரங்கில்
இரண்டு ஹீட்டரில் ஒன்று செத்துக் கிடந்தது.
அறுபத்து நான்கு பேர்,
கோட்டைக் கழற்றாமலே பார்த்தார்கள்.
பன்னிரண்டு வருஷம் இத்தாலியில், பாரி நகரத்தில்,
யார் யாரோ கிழவர்களின் முதுகு தேய்த்துவிட்டு
ஒருத்தி ஊர் திரும்புகிறாள்.
படிக்கட்டில் பெட்டியை இறக்கிவைக்கிறாள்.
கதவிடுக்கில் வெளிச்சம்.
உள்ளே ஒருவன் இருமுகிறான்
(இருமலும் என்னுடையதுதான், அதற்குத் தனிச் சம்பளம் இல்லை).
கதை அவ்வளவுதான்.

விளக்குப் போட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.
"உள்ளே போய்விட்டாள்" என்றாள் மருந்துக்கடை லியானா,
வேளைக்கு எத்தனை மாத்திரை என்று சொல்கிற அதே குரலில்.
அவள் தங்கை தெசலோனிக்கியில் இருக்கிறாள்.
"எங்கே உள்ளே? வந்த வழியே திரும்பிவிட்டாள்"
என்றார் வேன் ஓட்டும் தெமுரி.
விமான நிலைய வாசலில்
அவர் ஏற்றிக்கொண்டு வந்தவர்களைவிட
இறக்கிவிட்டு வந்தவர்களே அதிகம்.
ஒரு கல்லூரிப் பையன் எல்லாமே கனவு என்றான்.
அவனை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

இயக்குநர் கதூனா மேடையோரம் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.
"எனக்குத் தெரியாது, ஒதாரைக் கேளுங்கள்"
என்று என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

நல்லவேளை, ஜும்பெர் எழுந்தார்.
சந்தைக்குப் பின்னால் நாற்பது வருஷமாகச் சாவி வெட்டுகிறவர்.
படம் முழுக்கத் தூங்கி
அந்தச் சத்தத்துக்கு மட்டும் விழித்தவர்.
"பழைய பூட்டு, இரட்டைச் சுற்று.
திறக்கும்போது முதல் சுற்று கனக்கும்,
பூட்டும்போது இரண்டாவது.
கேட்டது பூட்டுகிற சத்தம்."
தெமுரி தொடையில் தட்டிக்கொண்டார்.
லியானா கையுறையைத் தேடத் தொடங்கினாள்.
ஜும்பெர் இன்னும் உட்காரவில்லை.
"ஆனால் சாவி உள்பக்கம் இருக்கிறது.
வெளியே நின்று திருப்பினால் படிக்கட்டு பதில் சொல்லும்.
இதில் கம்பளம் விரித்த நடைதான் கேட்கிறது."

உள்ளிருந்து பூட்டியது யார்?
வந்து சேர்ந்தவளா,
இனி ஒரு வண்டியும் வேண்டாமென்று?
இருமியவனா,
பெட்டி இறங்கிய சத்தம் கேட்டும்?
பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்,
தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் வாய் திறக்கவில்லை.
அது என் வீட்டுக் கதவு.
போன மார்ச்சில் எதெரி பத்து நாள் விடுப்பில் வந்திருந்தாள்.
கடைசி ராத்திரி மைக்கைக் கம்பளத்தில் வைத்துவிட்டு
பூட்டு, திற, பூட்டு, திற என்று
அவளைப் படுத்தி எடுத்தேன்.
சிரித்துக்கொண்டே செய்தாள்.
பன்னிரண்டாவது தடவையில் சிரிப்பு நின்றிருந்ததை
எடிட்டிங்கில்தான் கவனித்தேன்.
பதினாறோடு போதும் என்றேன்.
கருவி ஓடிக்கொண்டிருந்தது.
அவளாகவே இன்னொரு முறை பூட்டி
நெற்றியைக் கதவில் வைத்து நின்றாள்.
கதூனா தேர்ந்தெடுத்தது அந்தப் பதினேழாவது.

யாரை வெளியே நிறுத்த, யாரை உள்ளே வைக்க,
நான் கேட்கவில்லை.
விடியற்காலை நாலு மணி வண்டிக்கு
"போய்வருகிறேன்" என்றாள்.
ஒரே சொல்லில் இரண்டு சுற்று.
எது கனத்தது என்று
ஜும்பெர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

பனி மிதித்து வீடு வந்தேன்.
கதவைச் சாத்தினேன்.
மேல்மாடி மக்வாலாவுக்குத் தூக்கம் கிடையாது,
இந்தக் கட்டடத்தின் எல்லா வரவு போக்கும்
அவள் காதில்தான் பதிவாகிறது.
சாவியை ஒரு சுற்று திருப்பி
நிறுத்தினேன்.

மேலே கட்டில் கிறீச்சிட்டது.
அடுத்ததற்குக் காத்திருக்கிறாள்.